வீடு வாங்கும்போது நாங்கள் கேட்காமல் விடும் ஒரு எண்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் பத்திரிகையில் குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார்படுத்துவது பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். எழுதியவர் நல்ல நோக்கத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் "வீட்டை அளவுக்கு மீறி இறுக்கி அடைக்காதீர்கள், வீடு மூச்சு விட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்" என்று அதில் இருந்த வரியைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஆட்கள் குடிபூரல் வீடுகளில், கலியாண மண்டபங்களில் என்று எங்கே வீட்டுக் கதை வந்தாலும் இதையே சொல்கிறார்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், நானும் முதல் இருபது வருடம் இதைத்தான் நம்பினேன். தலைப்பில் சொன்ன எண், ஒரு வீட்டின் ஓட்டைகளால் எவ்வளவு காற்று போய்வருகிறது என்பதை அளந்து காட்டும் எண்.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஊரில் நான் வளர்ந்தது நாற்சார் வீட்டில். நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை, யன்னலுக்கு மேலே சுவரில் காற்றுப் போய்வர விட்ட துவாரங்கள், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி. அங்கே வெளியே 30 பாகை என்றால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவுதான், காற்று வந்தால் புழுக்கம் போகும், வேர்வை காயும், ஆகவே எவ்வளவுக்குத் திறந்திருக்கிறதோ அவ்வளவுக்கு நல்ல வீடு. யாழ்ப்பாணத்தில் ஜூன் மாத மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்குச் சற்று வடக்கே நிற்கும், அதிலிருந்து தப்பத்தான் தாழ்வாரமும் முற்றத்து வேப்பமரமும். அந்த இடத்துக்கு அது சரியான அறிவு. அதையே வெளியே மைனஸ் 20, உள்ளே 21 என்று 41 பாகை வித்தியாசம் இருக்கிற ஒரு வீட்டுக்குப் பொருத்தினால், ஓட்டையால் வெளியே போவது நாங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று.

அது போகும் வழியும் கண்ணுக்குப் படாது. சூடான காற்று மேலே ஏறும், சீலிங்குக்கு மேலே இருக்கும் அற்றிக்கின் மூடி விளிம்பாலும் சீலிங்கில் துளைபோட்டுப் பொருத்திய விளக்குகளாலும் குழாய்கள் மேலே போகும் பொந்துகளாலும் கூரைக்குள் போய்விடும். போன அளவுக்குக் கீழே, நிலத்தடித் தளமான பேஸ்மென்றில், கொங்கிரீட் சுவரும் மரச்சட்டமும் சேரும் இடத்தால் குளிர்காற்று உள்ளே இழுபடும். அதனால்தான் பல வீடுகளில் மேல்மாடியில் வேர்க்கிறது, கீழே கால் விறைக்கிறது. நாங்கள் தெர்மோஸ்ராற்றை இன்னும் இரண்டு பாகை கூட்டுவோம், காற்று இன்னும் வேகமாக மேலே ஓடும்.

எனக்கு இது உறைத்தது 2013 டிசம்பரில். அந்த உறைமழையை மறந்திருக்க மாட்டீர்கள், ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, சிலருக்குக் கிறிஸ்மஸ் கடந்தும் வரவில்லை. எரிவாயு வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் விசிறிக்கும் மின்சாரம் வேண்டுமே. ஒன்றரை நாளில் எங்கள் வீட்டுக்குள் 9 பாகை. அம்மாவுக்கு அப்போது 78 வயது, இரண்டு கம்பளிக்குள் இருந்தும் கை நடுங்கியது, கடைசியில் கரண்ட் இருந்த தம்பி வீட்டுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த நாட்களில் கரியடுப்பை உள்ளே கொளுத்தி நச்சு வாயுவில் மயங்கியவர்கள் எத்தனை பேர். ஃபேர்னஸ் நின்று ஒன்றரை நாளில் வீடு இந்த அளவுக்கு ஆறிப்போகிறது என்றால் இது என்ன வீடு என்ற கேள்வி அன்றைக்கு வந்தது, அதற்குப் பிறகுதான் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

வாசித்தபோது ஆச்சரியமாக இருந்தது, விடை இந்த நாட்டிலேயே 1977இல் கிடைத்துவிட்டது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சஸ்காட்சுவான் மாகாண அரசு, அந்த மாகாணத்தின் குளிருக்கு ஏற்ற ஒரு சூரிய வெப்ப வீட்டைக் கட்டித் தரும்படி கேட்டது. ஹரோல்ட் ஓர் என்ற பொறியியலாளரும் கூட இருந்தவர்களும் கணக்குப் போட்டுப் பார்த்து, சூரியனைப் பிடிக்கச் செலவழிப்பதைவிட இருக்கிற சூட்டைப் போகவிடாமல் வைத்திருப்பது மலிவு என்று கண்டார்கள். அந்த மாகாணத்தின் தலைநகர் ரெஜைனாவில் குளிர்கால இரவுகள் மைனஸ் 30க்குக் கீழே போகும், அங்கே ஃபேர்னஸ் இல்லாமல் சுமார் 2,000 சதுர அடியில் இரண்டு மாடிப் பெட்டிபோல ஒரு வீட்டைக் கட்டினார்கள். சுவரின் இன்சுலேஷன், அதாவது சூட்டைப் போகவிடாத நிரப்பு, ஆர்-40, கூரைக்கு ஆர்-60 (ஆர் எண் கூடக் கூடச் சூட்டைத் தடுப்பதும் கூடும்). அந்தக் காலத்து வீடுகளின் சுவரில் இருந்ததைப்போல இது பல மடங்கு. அதற்கும் மேலே அவர்கள் செய்த பெரிய வேலை, வீட்டைச் சுற்றி உட்பக்கமாகத் தடித்த பொலித்தீன் விரிப்பை ஒரு இடமும் விடாமல் இழுத்து, சேரும் இடமெல்லாம் பசைபோட்டு ஒட்டியது.

ஒட்டியது சரியா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. முன்கதவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுத்து, வெளியே விடவும் உள்ளே 50 பாஸ்கல் அழுத்தம் குறையும்படி செய்வார்கள். நாலு பக்கமும் மணிக்கு 30 கிலோமீற்றருக்குச் சற்று மேலே காற்றடித்தால் எப்படியோ அப்படி. அந்த நிலையில் ஒரு மணித்தியாலத்தில் வீட்டுக் காற்று முழுவதும் எத்தனை தரம் மாறுகிறது என்பதுதான் எண். இதைத்தான் தலைப்பில் சொல்லியிருக்கிறேன். ரெஜைனா வீட்டில் அது 0.8. என் வீட்டில், 1980களில் கட்டியது, முதல் அளந்தபோது 7.8.

இனி அந்தக் கட்டுரையாளரின் கேள்விக்கு வருகிறேன், அவ்வளவு இறுக்கினால் உள்ளே இருப்பவர்கள் எப்படி மூச்சு விடுவது? ரெஜைனாவில் அதற்கும் வழி செய்தார்கள். சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தார் ஒரு வெப்பப் பரிமாற்றியைச் செய்து கொடுத்தார்கள், வெளியே போகும் பழைய காற்றும் உள்ளே வரும் புதுக்காற்றும் மெல்லிய தகடுகளுக்கு இருபுறமும் எதிர்த்திசையில் ஓடும், போகிற காற்றின் சூட்டை வருகிற காற்று வாங்கிக்கொள்ளும், காற்றுகள் ஒன்றோடொன்று கலக்காது. இன்றைக்கு எச்.ஆர்.வி. என்று சொல்கிறோமே, அதன் முன்னோடிகளில் ஒன்று அது. நல்லதொன்று போகிற சூட்டில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பிக் கொடுக்கும். ஓட்டையால் வருகிற காற்று காற்றடிக்கும் நாளில் தேவைக்கு மேலே வரும், அடிக்காத நாளில் வராது, அதுவும் பேஸ்மென்ற் மூலையிலிருந்தும் அற்றிக் தூசியிலிருந்தும் கராஜிலிருந்தும் வரும். எச்.ஆர்.வி. நாளும் இரவும் ஒரே அளவாக, வடிகட்டி, படுக்கையறைக்குக் கொண்டுவந்து விடும். நல்ல காற்று வேண்டும் என்று கேட்பவர் இதைத்தான் கேட்க வேண்டும்.

அந்த வீட்டில் இன்னொன்றும் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. சூரிய வெப்ப வீடு என்று கேட்டதால் கூரையோடு வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரைச் சூடாக்கும் பெரிய ஏற்பாட்டையும் வைத்தார்கள். அது விலை கூட, பராமரிப்பும் கூட, பிறகு கழற்றிவிட்டார்கள். இன்சுலேஷனும் பொலித்தீனும் யன்னலும் பழுதாகாமல் தங்கள் பாட்டில் வேலை செய்தன. சூரியன் வேண்டாம் என்பதல்ல. தெற்கு யன்னலால் வெயில் வந்து தரையைச் சூடாக்குவதற்கு மோட்டாரும் வேண்டாம், தண்ணீர்க் குழாயும் வேண்டாம், சும்மா கிடைக்கிறது. ஆனால் 1970களில் அமெரிக்காவில் கட்டிய பல சூரிய வீடுகளில் தெற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்து, உள்ளே தடித்த கல்லும் கொங்கிரீட்டும் போட்டு, இறுக்கத்தைக் கவனிக்காமல் விட்டார்கள். பகலில் இருக்க முடியாத சூடு, விடியற்காலையில் குளிர். வெயில் என்னதான் ஊற்றினாலும் ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நேரம் நிற்கும்?

எங்கள் பக்கத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரெஜைனாவில் குளிர் கொடியது என்றாலும் வெயில் நிறைய. ரொறன்ரோவில் நவம்பர் பிறந்தால் ஜனவரி வரை வானம் மூடியே கிடக்கும். டிசம்பர் கடைசியில் மத்தியானச் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகை உயரத்துக்குத்தான் வருகிறது, ஜூனில் 70 பாகை. ஆகவே தெற்கு யன்னலுக்கு மேலே சரியான அளவில் ஒரு சரிவோ கூரை நீட்டமோ இருந்தால் கோடை வெயிலை அது மறித்துவிடும், மாரி வெயிலை உள்ளே விடும். மேற்கு யன்னலுக்கு இது சரிவராது, மாலை வெயில் தாழ்வாக வந்து நேரே அடிக்கும், இறுக்கமான வீட்டில் அந்தச் சூடு வெளியே போகாமல் நிற்கும். வீடு பார்க்கப் போகும்போது வாசல் கிழக்குப் பார்க்கிறதா, வாஸ்து சரியா, கிரனைட் கல் எந்தத் தடிப்பு என்று எல்லாம் கேட்கிறோம். பெரிய யன்னல்கள் எந்தப் பக்கம் என்று கேட்டவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

சரி, புது வீடு கட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் பொருந்தும், பழைய வீட்டுக்காரர் என்ன செய்வது என்று கேட்கலாம். அதற்கும் ஹரோல்ட் ஓர் 1982இல் சாஸ்கட்டூனில் செய்து காட்டினார். அங்கே 1960களின் பங்களா ஒன்றில் கூரையின் வெளிநீட்டங்களைச் சங்கிலி வாளால் வெட்டி எடுத்துவிட்டு, வீட்டைச் சுவரும் கூரையுமாகப் பொலித்தீனால் போர்த்தி, அதற்கு வெளியே புதுச் சட்டமும் இன்சுலேஷனும் வைத்தார்கள். 2.95 ஆக இருந்த எண் 0.29 ஆனது. வெட்டுவதென்றால் எங்களில் பலர் துணிய மாட்டார்கள், நானும் துணியவில்லை. ஆனால் வெளிச்சுவர் சைடிங் மாற்றும் காலம் வந்தால் அது பொன்னான சந்தர்ப்பம், அந்த நேரத்தில் இரண்டு அங்குலம் மூன்று அங்குலம் இன்சுலேஷன் வெளியால் வைக்காமல் வெறும் நிறத்தை மாற்றிவிட்டுப் போவது பெரிய நட்டம்.

ஜேர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரின் கிரானிக்ஷ்டைன் பகுதியில் 1991இல் குடிவந்த நாலு தொடர் வீடுகள்தான் இன்று பாசிவ் ஹவுஸ் என்று சொல்லப்படும் அளவுகோலின் தொடக்கம். வொல்ஃப்காங் ஃபைஸ்ட், போ அடம்சன் என்ற இருவரின் யோசனை. அந்த அளவுகோல் கேட்பவற்றில் முக்கியமானவை இரண்டு: வீட்டைச் சூடாக்க ஒரு சதுர மீற்றருக்கு ஆண்டுக்கு 15 யூனிற்றுக்கு (கிலோவாற் மணிக்கு) மேல் போகக் கூடாது, மேலே சொன்ன விசிறிச் சோதனையில் 0.6ஐத் தாண்டக் கூடாது. அந்த வீடுகளை 25 ஆண்டு கழித்து அளந்தபோதும் சிக்கனம் அப்படியே இருந்தது. இறுக்கம் கொஞ்சக் காலத்தில் விட்டுப்போகும் என்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

15 என்றால் எவ்வளவு குறைவு என்பதை உங்கள் சொந்த எரிவாயு பில்லை வைத்தே பார்க்கலாம், வாசகர்கள் எல்லோரும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். என் வீட்டில் ஆண்டுக்கு 2,300 கன மீற்றர் போனது. ஜூலை, ஆகஸ்ட் பில்லில் மாதம் 40. அது குளிக்கவும் சமைக்கவும் போவது. பன்னிரண்டு மாதத்துக்கு 480ஐக் கழித்தால் சூடாக்க மட்டும் 1,820. ஒரு கன மீற்றர் எரிவாயுவில் 10 யூனிற்றுக்குச் சற்று மேலே சக்தி இருக்கிறது, ஆக 19,000 யூனிற் அளவில். வீடு 1,500 சதுர அடி, அதாவது 140 சதுர மீற்றர் (பேஸ்மென்ற்றைச் சேர்க்கவில்லை). பிரித்தால் 135. டார்ம்ஸ்டாட் வீட்டைப்போல ஒன்பது மடங்கு. கனடாவில் ஒரு சராசரி வீடு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் மூன்று பங்கு சூடாக்கவே போகிறது, நாங்களோ விளக்கை அணைக்கவில்லை என்று பிள்ளைகளை ஏசுகிறோம்.

நான் செய்த வேலை பெரிதல்ல. சக்தித் தணிக்கைக்கு வந்தவர் விசிறியை ஓடவிட்டு, புகைக்குச்சியோடு வீடு முழுக்கக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மின் சொக்கெற்றால் குளிர்காற்று ஊதியது. சமையலறையைப் புதுப்பித்தபோது ஒரு கொன்ராக்டர் சீலிங்கில் பன்னிரண்டு விளக்குத் துளைகள் வெட்டியிருந்தார், அதில் ஒன்றுகூட மேலே அடைக்கப்படவில்லை, நான் காசு கொடுத்துக் கூரையில் பன்னிரண்டு ஓட்டை போட்டிருக்கிறேன். அவற்றையும் அற்றிக் மூடியையும் பேஸ்மென்ற் விளிம்பையும் அடைத்து, அற்றிக்கில் இன்சுலேஷனைக் கூட்டி, ஒரு எச்.ஆர்.வி.யும் வைத்தோம். 7.8 இப்போது 4.2. சூடாக்கும் எரிவாயு 1,820இலிருந்து 1,330க்கு வந்திருக்கிறது. பாசிவ் ஹவுஸுக்குக் கிட்டவும் வராது, ஆனால் மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் இருந்த வித்தியாசம் போய்விட்டது, அம்மா இருந்த கடைசி இரண்டு குளிர்காலமும் முன்னறையில் சால்வை இல்லாமல் இருந்தார்.

பூஞ்சணம் பற்றியும் சொல்ல வேண்டும், கட்டுரையாளர் பயந்தது அதற்குத்தானே. சுவருக்குள் ஈரம் போவதில் பெரும்பகுதி உட்சுவர்ப் பலகையான ட்றைவோலை ஊறிக் கடந்து போவதல்ல, ஓட்டையால் ஓடுகிற காற்றோடு போவது. சோறு வடித்த ஆவியும் குளித்த ஆவியும் சேர்ந்த காற்று ஒரு சின்ன இடைவெளியால் சுவருக்குள் புகுந்து, வெளிப்பக்கக் குளிர்ப் பலகையில் பட்டுத் தண்ணீராகிறது. அந்தத் தண்ணீரில்தான் பூஞ்சணம். ஆகவே ஓட்டையை விடுவதால் சுவர் காயாது. வன்கூவர்ப் பக்கம் 1980, 90களில் கட்டிய தொடர்மாடிகள் ஊறி அழுகிய கதையைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். 1998இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் ஆணைக்குழு வைத்து விசாரித்த விடயம் அது. அங்கே முக்கிய குற்றவாளி மழைத்தண்ணீர். கூரை நீட்டம் இல்லாத சுவர், யன்னல் ஓரத்திலும் பல்கனியிலும் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாத கட்டுமானம். அந்தப் பழியை இறுக்கத்தின் தலையில் போடக் கூடாது.

ஆனால் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது, கட்டுரையில் அது வரவில்லை. எங்கள் சமையலறைகளில் மீன் பொரிக்க, கறிக்குத் தாளிக்க என்று பலமான புகைவிசிறி வைத்திருப்போம். இறுக்கிய வீட்டில் அது இழுக்கும் காற்றுக்கு ஈடாக வர வழியில்லாமல் போனால், பேஸ்மென்றில் இருக்கும் பழைய மாதிரிச் சுடுநீர்த் தாங்கியின் புகைபோக்கியால் காற்றுத் திரும்பி உள்ளே இறங்கும், காபன் மொனொக்சைட்டோடு. அதற்கு மணமில்லை. புகைபோக்கியில் விசிறி இல்லாமல், சூடு தானாக மேலே போகட்டும் என்று விட்டிருக்கும் தாங்கி உங்களிடம் இருந்தால், வீட்டை இறுக்கும் முன் அதை மாற்றுங்கள் அல்லது தணிக்கையாளரைக் கொண்டு சோதியுங்கள். எனக்கு வந்தவர் ஓட்டையைப் பார்க்கும் முன்னமே அதைத்தான் போய்ப் பார்த்தார். புகைவிசிறியோடு சேர்ந்து திறந்து மூடும் வெளிக்காற்றுக் குழாய் வைக்கலாம். இரண்டு மாடிக்கும் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும்.

2023 ஜூனில் கியூபெக் காட்டுத்தீயின் புகை இங்கே வந்து இறங்கியதே, யன்னலைப் பூட்டுங்கள் என்று அரசு சொன்னது. 7.8 எண்ணுள்ள வீட்டில் யன்னலைப் பூட்டி என்ன பயன்? வெளியே மணத்தது உள்ளேயும் மணத்தது. ஆஸ்த்துமா உள்ள பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இது சக்திச் சிக்கனத்தையும் தாண்டிய விடயம்.

தூரத்து ஊர்களைப் பற்றியே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில், நாங்கள் எல்லோரும் காசு சேர்த்துத் தமிழ் இருக்கை அமைத்த அதே வளாகத்தில், 746 மாணவர் தங்கும் ஹார்மனி கொமன்ஸ் விடுதி 2023இல் திறந்தது, பாசிவ் ஹவுஸ் அளவுகோலுக்குக் கட்டியது. ஹமில்ரனில் 1967இல் கட்டிய 18 மாடி முதியோர் குடியிருப்பு, கென் சோபிள் கோபுரம், 146 வீடுகள், இடிக்காமல் அதே அளவுகோலின் புனரமைப்பு விதிக்குத் திருத்தியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் நிறைந்திருக்கும் மார்க்கம் வீதி, எக்ளின்ரன் பக்கத்துத் தொடர்மாடிகளும் அந்தக் காலத்தவைதானே.

இவ்வளவு தெரிந்தும் ஏன் எங்கள் வீடுகளுக்கு வரவில்லை? விற்கிற ஆளில்லை, அதுதான். கதவைத் தட்டி ஃபேர்னஸ், சுடுநீர்த் தாங்கி என்று விற்று எத்தனை முதியவர்களின் வீட்டில் ஒப்பந்தம் எழுதினார்கள், 2018இல் ஒன்ராறியோ அரசு சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்த வேண்டியிருந்தது. அற்றிக் மூடிக்கு ரப்பர் பட்டி ஒட்டுங்கள் என்று சொல்ல யார் கதவைத் தட்டுவார்? இப்போது ஹீற் பம்ப் காலம், வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குள் கொண்டுவரும் மின்கருவி அது. நல்ல கருவி, எதிர்க்கவில்லை. ஆனால் முதலில் ஓட்டையை அடைத்தால் சின்ன ஹீற் பம்ப் போதும், அடைக்காமல் வாங்கினால் பெரிதாக வாங்கிப் பெரிதாகவே பில் கட்ட வேண்டும். கூரையில் சூரியத் தகடு போடுவதும் இதற்குப் பிறகுதான்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2017இல் கொண்டுவந்த படிமுறைக் கட்டட விதிப்படி புது வீட்டை விசிறி வைத்து அளந்தே ஆக வேண்டும், வீடுகளுக்கான மேல்படியில் 1.0. இங்கே ஒன்ராறியோவில் ஒவ்வொரு வீட்டையும் அளக்கும் கட்டாயம் இல்லை. ஆர்-2000 என்று 1980களிலிருந்தே கனடாவில் விருப்பத்துக்குரிய தரமொன்று இருக்கிறது, அதில் 1.5. விருப்பம் என்றால் வாங்குகிறவர் கேட்டால்தான் கிடைக்கும். ட்றைவோல் அடிக்கும் முன் ஒரு தரம், சாவி தரும் முன் ஒரு தரம் அளந்து காட்டு என்று ஒப்பந்தத்தில் எழுதக் கேட்கலாம். ட்றைவோல் அடித்த பிறகு ஓட்டையைத் தேடுவது மிகவும் கஷ்டம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரிகையில் ஒவ்வொரு வாரமும் பிரம்ரன், ஏஜக்ஸ், ஒஷாவா என்று புது வீட்டுத் திட்டங்களின் விளம்பரம் முழுப்பக்கத்தில் வருகிறது. அவர்களிடம் கேளுங்கள், உங்கள் வீடுகளின் எண் என்ன என்று. பதில் தருபவரின் எண்ணை விளம்பரத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். தங்கள் வீட்டை அளந்த வாசகர்கள் இருந்தால், எந்த ஆண்டு கட்டிய வீடு, என்ன எண், ஆண்டுக்கு எத்தனை கன மீற்றர் என்று எழுதியனுப்பச் சொல்லுங்கள், நான் தொடக்கமாக என்னுடையதைத் தந்துவிட்டேன். 1986, 4.2, சூடாக்க 1,330.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்